பொல்கொட பக்கத்து பாஸ்கிட்ட குடுத்த என்ட சூப்பர் ஜெட்: வேலை எப்பிடி?

உக்காந்து ஓட்டுற ஜெட் ஸ்கிக்கு ஒரு மெக்கானிக் தேடுறது அவ்வளவு கஷ்டம் இல்ல, நீர்கொழும்புல இருந்து பெந்தோட்டை வரைக்கும் வாடகைக்கு ஓடுற மெஷின்கள யாராவது ஒரு பாஸ் பாத்துக்கொண்டு தான் இருப்பாரு. நிண்டு ஓட்டுற ஸ்டாண்ட்-அப் எண்டு சொன்னா தான் எல்லாரும் தலைய சொறியிறாங்க. என்ட கிட்ட இருக்கிறது யமஹா சூப்பர் ஜெட், பழைய டூ ஸ்ட்ரோக் 701 சீசீ. 2020 மொடலோட இத நிப்பாட்டிட்டு 2021ல இருந்து 1049 சீசீ ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் போட்டு விடுறாங்க, ஆக இருக்கிறத ஒழுங்கா வச்சுக்கொள்றது தான் எங்களுக்கு வழி. மொறட்டுவ பக்கம், பொல்கொட வாவிக்கு கிட்ட, போர்ட் கூட இல்லாத ஒரு சின்ன வேக்‌ஷொப்ல குடுத்து செஞ்சேன். பேர் போடல, மனுசனுக்கு விளம்பரம் பிடிக்காது, அந்தப் பக்கம் ஃபைபர் போட் செய்ற யார்கிட்ட கேட்டாலும் கை காட்டி விடுவாங்க.

மெஷின்ட வருத்தம் இது தான். திரொட்டில அமத்தினா எஞ்சின் அலறும், மெஷின் நிண்ட இடத்துல நிக்கும், கொஞ்சம் கழிச்சு திடீரெண்டு பிடிச்சு இழுக்கும். வேகம் வந்தா மூக்கு மேலயும் கீழயும் குதிக்கத் தொடங்கும். வளைக்கப் போனா ஹேண்டில் நடுவுல ஒரு லூஸ், நாங்க திருப்பினதுக்குப் பிறகு யோசிச்சுப் பாத்து தான் அது திரும்பும். இதுக்கு முந்தி காட்டின இடத்துல இம்பெல்லர் (பம்ப்புக்குள்ள சுத்தி தண்ணிய தள்ளுற இலைச் சக்கரம்) மாத்தணும், ரைட் பிளேட் (அடியில பின்பக்கம் இருக்கிற தட்டு) மாத்தணும், இன்டேக் கிரேட் (பம்ப் தண்ணி இழுக்கிற வாயில இருக்கிற கம்பி அடைப்பு) மாத்தணும், ஹேண்டில் பாரும் மாத்தினா நல்லம் எண்டு ஒரு பெரிய லிஸ்ட் எழுதித் தந்தாங்க, எல்லாமே வெளிநாட்டுல இருந்து எடுப்பிக்க வேண்டிய சாமான். 2022ல டொலர் 200ல இருந்து 360க்கு ஏறினத பாத்தவனுக்கு அந்த லிஸ்ட்ட கண்டா சாப்பாடு இறங்குமா, அதுக்கு மேல ஷிப்பிங், சுங்கம் வேற.

பாஸ் லிஸ்ட்ட வாங்கி மடிச்சு ஷர்ட் பொக்கெட்ல வச்சிட்டு, "மல்லி (தம்பி), சாமான் பிறகு வாங்கலாம், முதல்ல தண்ணி எங்க ஓடுதெண்டு பாப்பம்" எண்டு பம்ப்ப கழட்டத் தொடங்கினாரு. எனக்கு இந்த ஆள பிடிச்சதே அதுக்காகத் தான். இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடுகள், ஃபீலர் கேஜ், அத வச்சு இம்பெல்லர் இலைக்கும் சுத்தி இருக்கிற ஹவுசிங் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிய ஒவ்வொரு இலையிலயும் அளந்தாரு. 0.6 மில்லிமீட்டர தாண்டினா கதை முடிஞ்சுது எண்டு அர்த்தம், என்டதுல 0.6 தகடு லேசா போய் வந்துது, அதுக்கு மேல இன்னொரு தகடும் சேத்தே போச்சு. கல்கிசைக் கரையில ஆழமில்லாத தண்ணியில ஸ்டார்ட் பண்ணி மணல இழுத்திருக்கிறதால சுவர் முழுக்க வட்ட வட்டமா கோடு. மெஷினுக்குக் கீழ ஆகக் குறைஞ்சது 60 சென்டிமீட்டர் தண்ணி இருக்கணும் எண்டு யமஹா புத்தகத்துலயே இருக்கு, ஆனா வாங்கினவன், வித்தவன், இரவல் எடுத்தவன் ஒருத்தனும் அத பாக்கிறதில்ல.

அந்த இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம் எண்டா, இலை தள்ளுற தண்ணி பின்னால போகாம ஓரத்தால திரும்பி வருது, இலைக்குப் பின்னால அழுத்தம் குறைஞ்சு தண்ணிக்குள்ள ஆவிக் குமிழி வருது, இம்பெல்லர் பிடிக்க தண்ணி இல்லாம வெறும் நுரைய சுத்துது. அலறல் அங்க இருந்து தான் வந்திருக்கு. அதோட பம்ப்பும் ஹல்லும் சேர்ற இடத்துல இருந்த சிலிக்கன் காஞ்சு வெடிச்சு காத்து உள்ள போயிருக்கு. பாஸ் பழைய சிலிக்கன சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைச்சு, புதுசா சீல் வச்சு ஒரு முழு நாள் தொடாம காய விட்டாரு. ஹவுசிங் ஒண்டு கழட்டிப் போட்ட இன்னொரு சூப்பர் ஜெட்ல இருந்து கிடைச்சுது. இம்பெல்லர மாத்தவே இல்ல, நெளிஞ்சிருந்த முனைய மெல்லிசு அரத்தால நேராக்கினதோட சரி. தண்ணியில இறக்கி அமத்தினா, அப்பா, ரெண்டு கையும் கழண்டு போற மாதிரி இழுவை! ஒரு இலட்சத்துக்கு மேல போயிருக்க வேண்டிய வேலை கால்வாசியில முடிஞ்சுது.

மூக்கு குதிக்கிறதுக்கு ரைட் பிளேட்ட கழட்டி நேர் கம்பி வச்சுப் பாத்தாரு, வளைவு இல்ல. பின்பக்க போல்ட்டுக்குள்ள மெல்லிசா வாஷர் வச்சு பிளேட்ட பின் முனை ஒரு துளி கீழ வாற மாதிரி இறக்கினாரு, மூக்கு அமந்துட்டுது. கூட வச்சா மூக்கு தண்ணிய குத்தும், அதனால கொஞ்சம் கொஞ்சமா வச்சு ஓட்டிப் பாக்கணும். நீளமான பிளேட் போட்டா நேரா ஓட நல்லம், வளைக்க சோம்பல், குட்டை பிளேட் மற்றப் பக்கம், உங்களுக்கு என்ன வேணுமெண்டு தெரியாம காச போடாதீங்க. லிஸ்ட்ல இருந்ததுல நான் பிறகு வாங்கினது ஸ்கூப் வச்ச இன்டேக் கிரேட் மட்டும் தான், அலை இருக்கிற கடல்ல பம்ப் தண்ணிய விடாம பிடிக்குது, திறம். ஆனா பொல்கொடையில சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் அதுல வந்து சிக்குது, எஞ்சின் ரெவ் ஏறி இழுவை குறைஞ்சா உடனே நிப்பாட்டிட்டு கீழ கைய விட்டுப் பாருங்க.

ஹேண்டில் லூஸுக்கு காரணம் ஹேண்டில தாங்குற நீளக் கம்பத்துக்கு அடியில இருக்கிற புஷ் தேஞ்சது. புது சாமான் வர மட்டும் காத்திருக்காம பக்கத்து லேத்துல நைலோன்ல கடைஞ்சு போட்டாரு, இப்ப அசைவே இல்ல. ஸ்டியரிங் கேபிள் உப்புல இறுகி இருந்துது, அத மட்டும் புதுசு போட்டு, ரெண்டு பக்கமும் முழுக்க திருப்பி பின்னால தண்ணி பாயிற நொசில் சரிசமமா வருதா எண்டு அளந்து டைட் பண்ணினாரு. ஹேண்டில் பார வெட்டி குறுக்கச் சொல்லி கேட்டேன், "முதல்ல இத ஓட்டிப் பாரு" எண்டு சொல்லிட்டாரு. ஓட்டிப் பாத்தேன், வெட்டத் தேவை இல்ல.

பராமரிப்புக்கு பாஸ் சொன்னதுல ரெண்டு விசயம் எல்லாரும் மண்டையில ஏத்திக்கொள்ளணும். பைப் தண்ணி போட்டு கழுவுறப்போ முதல்ல எஞ்சின ஸ்டார்ட் பண்ணணும் அதுக்குப் பிறகு தான் டெப்ப திறக்கணும், முடிக்கிறப்போ டெப்ப முதல்ல மூடிட்டு பிறகு எஞ்சின நிப்பாட்டணும், மாத்தி செஞ்சா தண்ணி எக்சோஸ்ட் வழியா சிலிண்டருக்குள்ள போகும், தண்ணி இல்லாம 15 செக்கனுக்கு மேல ஓடவும் விடாதீங்க. மற்றது, கவிழ்ந்தா பின்னால ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல அம்புக்குறி போட்ட பக்கமா மட்டும் திருப்பி நிமித்துங்க, அதுவும் இதே காரணத்துக்குத் தான்.

பெற்றோல் 92 போதும், ஓயில் 50க்கு 1, அதாவது லீட்டருக்கு 20 மில்லி, 18 லீட்டர் டேங்க் நிறைச்சா 360 மில்லி. மரைன் டூ ஸ்ட்ரோக் ஓயிலும் கிரீஸும் நீர்கொழும்புல மீனவர் சாமான் கடைகள்ல லேசா எடுக்கலாம், அங்க அவுட்போர்ட் ஓடாத நாள் இல்லையே. பெயாரிங்க நம்பர் சொல்லி பஞ்சிகாவத்தையில தேடுங்க, போல்ட் எண்டா பழைய சோனகத் தெரு, ஆனா 316 ஸ்டெயின்லெஸ் எண்டு சொல்லிக் கேளுங்க, 304 உப்புத்தண்ணியில சீக்கிரம் செங்கல் கலர்ல கறை பிடிக்கும். கார்ப்ரேட்டருக்குள்ள இருக்கிற குட்டி வலைய பாஸ் கழட்டிக் காட்டினாரு, பழைய பெற்றோல் பிசின் பாதிய அடைச்சிருந்துது. அது முழுக்க அடைச்சா பெற்றோலோட ஓயிலும் குறைஞ்சு பிஸ்டன் பிடிச்சிடும், அத திருத்துற வேலை எல்லாம் எவ்வளவு எண்டு கேக்கவே பயம்.

இனி குறை. பில் தரமாட்டாரு, சிகரட் பெட்டி அட்டையில எழுதின கணக்கு தான். ஒரு கிழமை எண்டா மூணு கிழமை, ஃபோன் எடுக்கிறது அவர் நினைச்சா. கால் வைக்கிற மெட் ஒட்டின வேலை சரியே இல்ல, பழைய கம்ம ஒழுங்கா சுரண்டாம மேல ஒட்டினதால ஓரம் கிளம்பிட்டுது, நானே கழட்டி திரும்ப ஒட்டினேன். மெஷின் வெளியில தார்ப்பாய்க்கு கீழ தான் நிக்கும். எஞ்சினும் பம்ப்பும் இவர்கிட்ட, மெட், பெயின்ட் மாதிரி அழகு வேலைக்கு வேற இடம் பாருங்க. கவசாகி எஸ்எக்ஸ்-ஆர் 1500 வச்சிருக்கிறவங்க போறதுக்கு முந்தி கதைச்சிட்டுப் போங்க, 250 கிலோ மெஷின இறக்க அங்க ஒரு பொடியன் தான் இருக்கிறான்.

மே மாசம் கடல் குழம்பினதும் எல்லாரும் ஒரே நேரத்துல கொண்டு போய் நிறைச்சிடுவாங்க. ஜூலை, ஓகஸ்ட்ல போனா இடம் இருக்கும், டேங்க காலி பண்ணிட்டு கொண்டு போங்க, பழைய பெற்றோலோட வந்தா வாசல்லயே ஏச்சு விழும்.