மலை டவருக்கு எது சரி: டீசலா, லித்தியமா, ஃப்யூல் செல்லா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து அண்டர்பர்க் போகும் வழியில், டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் கண்ணில் படத் தொடங்கும் இடத்தில், ஒரு மொபைல் டவர் என் பராமரிப்பில் இருக்கிறது. 2022 கடைசியில் ஆறாம் நிலை லோட் ஷெட்டிங் (பற்றாக்குறையால் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) நடந்தபோது அங்கே பாதி நாள் மின்சாரம் இருக்காது. மாற்று ஏற்பாடாக எதை வைப்பது என்று முடிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. டீசல் ஜெனரேட்டர், லித்தியம் பேட்டரி, மெத்தனாலில் ஓடும் ஃப்யூல் செல் (எரிபொருளிலிருந்து வேதிவினையால் மின்சாரம் எடுக்கும் பெட்டி) என்று மூன்றையும் பார்த்துவிட்டு ஃப்யூல் செல்லை எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்த இடத்துக்கு அதையேதான் சொல்வேன்.

டீசலின் சத்தமும் புகையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியே அவ்வளவாகப் பேசப்படாத சங்கதி வேறொன்று. எங்கள் டவருக்கு வேண்டியது இரண்டரை கிலோவாட். கிடைக்கும் ஜெனரேட்டரோ அதைவிடப் பல மடங்கு பெரியது. குறைந்த சுமையில் மணிக்கணக்காக ஓடினால் இன்ஜின் சரியாகச் சூடேறாது. எரியாத டீசல் கரியாகப் படியும். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். அந்த நாட்களில் ஒரு மாதம் போவதற்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் மலைக்கு ஒரு பயணம்.

லித்தியம் நல்ல பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முன்னால் இருந்த ஈய பேட்டரிகள் லோட் ஷெட்டிங்கில் செத்ததற்குக் காரணம், இரண்டு மின்வெட்டுக்கு நடுவில் அவை முழுதாகச் சார்ஜ் ஆக நேரமே கிடைக்காததுதான். லித்தியம் வேகமாகச் சார்ஜ் ஆகும், பல ஆயிரம் சுற்று தாங்கும். ஆனால் பனிப்பொழிவில் லைன் அறுந்து மூன்று நாள் மின்சாரம் வராமல் போனால் 180 யூனிட் வேண்டும். 5 யூனிட் பேட்டரி என்றால் 36 பெட்டி. அதை வைக்க அங்கே அறையும் இல்லை, காசும் இல்லை.

இதெல்லாம் காகிதத்தில் போட்ட கணக்கு. என் முடிவைத் தீர்மானித்தது திருட்டு.

வேறொரு டவரில் ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது கதவுப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. பின்பக்கச் சுவரில்தான் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே தரைத் தூசியில் பேட்டரி இருந்த இடம் மட்டும் கட்டம் கட்டமாகச் சுத்தமாகத் தெரிந்தது. அறுத்த கேபிள் முனைகளில் செம்பு புதுசாக மின்னியது. என்னுடன் வந்த சாட்ஸ்வொர்த் அண்ணா இந்த வேலையில் தலை நரைத்தவர். சுற்றிலும் பார்த்துவிட்டு, "தம்பி, இனிமே எதை வைக்கிறதா இருந்தாலும் முதல்ல ஒண்ணு யோசி. இதைக் கொண்டுபோனா யாரு வாங்குவான்?" என்றார்.

அந்தக் கேள்வியை மூன்றுக்கும் போட்டுப் பார்த்தேன். டீசலைக் குழாய் வைத்து உறிஞ்சினால் எந்தப் பிக்கப் வண்டியிலும் அப்படியே ஊற்றிக்கொள்ளலாம். 48 வோல்ட் லித்தியம் பெட்டியை எந்த வீட்டு இன்வெர்ட்டரிலும் மாட்டிக்கொள்ளலாம். மின்வெட்டுக் காலத்தில் அதற்கு இருந்த கிராக்கியைச் சொல்லவே வேண்டாம். ஃப்யூல் செல்லுக்கு ஊற்றுவது ஏறக்குறைய அறுபது பங்கு மெத்தனாலும் நாற்பது பங்கு தண்ணீரும் கலந்த திரவம். அது எந்த வண்டியிலும் ஓடாது. பெட்டியைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் அதை ஓட்டத் தெரிந்தவன் வேண்டும், அந்தக் கலவையும் வேண்டும். எங்கள் டவரில் இன்றுவரை யாரும் அதன்மேல் கை வைக்கவில்லை.

பெட்டிக்குள் நடப்பது இவ்வளவுதான்: கலவையைச் சூடாக்கி ஹைட்ரஜனைப் பிரிக்கிறது. கூடவே வரும் கார்பன் மோனாக்சைடு துளி கலந்தாலும் அது செல்லில் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினத்தின்மேல் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்துவிடும். அதனால் பல்லேடியம் சவ்வு வழியாக வடிகட்டிய ஹைட்ரஜன்தான் ஸ்டாக்குக்கு, அதாவது மின்சாரம் உண்டாக்கும் செல் அடுக்குக்குப் போகிறது. அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மின்சாரமும் தண்ணீரும் வருகின்றன. லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். 225 லிட்டர் தொட்டி நிறைந்தால் எங்களுக்கு மூன்று நாளுக்கு மேல் வரும்.

நேராக ஹைட்ரஜன் சிலிண்டரே வைக்கலாமே என்று கேட்பார்கள். 50 லிட்டர் இரும்புச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் ஹைட்ரஜன் அடங்கும். அதில் பதினோரு, பன்னிரண்டு யூனிட் கிடைக்கும். மூன்று நாளுக்குப் பதினைந்து, பதினாறு சிலிண்டரை அந்த மண் பாதையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கலவையைக் கேனில் கொண்டுபோய் ஊற்றலாம்.

சிக்கன விஷயத்தில் மிகைப்படுத்தி எழுத மாட்டேன். ஸ்டாக் மட்டும் என்றால் 50 சதவீதத் திறன் உண்டு. ஹைட்ரஜன் பிரிக்கும் செலவையும் சேர்த்தால் மொத்தம் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நல்ல சுமையில் ஓடும் டீசலும் கிட்டத்தட்ட அவ்வளவு கொடுக்கும். குறைந்த சுமையில்தான் இது முந்துகிறது. மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால் கரியமில வாயுவும் இல்லாமல் இல்லை. அந்த மலைக்காற்றில் புகை இல்லை என்பது மட்டும் உண்மை.

மெத்தனால் விஷம். சாராயம் என்று நினைத்து யாராவது குடித்தால் கண் போகும், உயிரும் போகும். தொட்டியில் மண்டையோட்டுப் படம் ஒட்டி, ஜூலு மொழியிலும் எழுதி வைத்தோம். ஊர்த் தலைவரான இந்துனாவிடமும் நேரில் போய்ச் சொன்னோம். இந்த ஒன்றை நினைத்துத்தான் எனக்கு இன்னும் நிம்மதியில்லை. அப்புறம், காரின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிளாட்டினத்துக்காக அறுத்துக்கொண்டு போகிற நாடு இது. ஸ்டாக்கில் இருப்பது மெல்லிய பூச்சுதான் என்றாலும், அதைத் தேடியும் ஒரு நாள் வரலாம்.

உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருப்பது பெரிய குறை. ஒருமுறை பம்ப் ஒன்றுக்காக ஏழு வாரம் காத்திருந்தோம். உலகில் தோண்டும் பிளாட்டினத்தில் பெரும்பங்கு இந்த நாட்டு மண்ணிலிருந்துதான் போகிறது. 2008-லேயே அரசு ஹைசா என்ற ஹைட்ரஜன் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. வினையூக்கி வேலையைக் கேப்டவுன் பல்கலைக்கழகமும் மின்டெக் என்ற அரசுக் கனிம ஆய்வு நிறுவனமும் பார்க்கின்றன. ஆனாலும் என் கையில் இருந்த பெட்டி கப்பலில் வந்ததுதான். இங்கேயே செய்ததை மாட்டும் நாளுக்காக உண்மையாகவே ஏங்குகிறேன்.

2024 மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங் நின்று மாதக்கணக்கில் வராமல் இருந்தது. பெட்டி அதிகம் ஓடவில்லை. டீசலாக இருந்திருந்தால் தொட்டியில் தண்ணீர் இறங்கிக் கசடு கட்டியிருக்கும். கலவை அப்படியே இருந்தது. பத்து வருடம் கழித்து ஸ்டாக் எப்படி இருக்கும் என்பதை இரண்டு, மூன்று வருட அனுபவத்தை வைத்துச் சொல்லக்கூடாது. இப்போதும் மாதம் ஒருமுறை போய் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறேன்.

டர்பனை ஒட்டிய பைன்டவுன் பக்கத்து டவருக்கு லித்தியமே எழுதிக் கொடுத்தேன். அங்கே இரவு முழுக்கக் காவலாள் உண்டு, லைன் அறுந்தாலும் நாலு மணி நேரத்தில் வந்துவிடும்.