வேலூர் வெயிலில் மெகுயார்ஸ் எம்205: பவுடர் பறக்காமல் பாலிஷ் போட

மெகுயார்ஸ் எம்205 கார் பெயிண்டுக்குக் கடைசியில் போடும் நயப் பாலிஷ். கட்டிங் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் முரட்டுப் பாலிஷ்) போட்ட பிறகு பெயிண்டில் நிற்கும் மங்கலையும், வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும் மெல்லிய கோடுகளையும் எடுக்கத்தான் எம்205. நகம் சிக்கும் கீறலுக்கு இதை வாங்க வேண்டாம். அந்த எல்லைக்குள் இதன் பளபளப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் "மெஷின் வச்சா மாவு மில் மாதிரி பவுடர் கொட்டுது" என்ற புகார் எல்லாப் பாலிஷுக்கும் வருவதுபோல இதற்கும் வருகிறது. பெரும்பாலும் காரணம் பாட்டிலுக்குள் இல்லை, போடும் விதத்தில் இருக்கிறது.

பழைய வகைப் பாலிஷில் உள்ள துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகும். அதனால் பூச்சு காய்ந்து மறையும்வரை மெஷினை ஓட்ட வேண்டும் என்பது பழகிய கைகளின் வழக்கம். எம்205-ல் இருப்பது தொடக்கத்திலேயே மிக நுண்ணியதாக, ஒரே அளவில் செய்த துகள். அது உடைய வேண்டியதில்லை. பூச்சு ஈரமாக மின்னும்போதே அதன் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் ஓட்டினால் எண்ணெய்ப் பசை வற்றி, மிச்சத் துகள் வெள்ளைப் பொடியாகப் பறக்கும். பழைய பழக்கத்தைப் புதுப் பாலிஷில் காட்டுவதுதான் பாதிப் பவுடருக்குக் காரணம்.

மீதிப் பாதி வெயில். கத்திரி நாட்களில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ தகர ஷெட்டுக்குக் கீழே நிறுத்திய வண்டியின் பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் பாலிஷ் பாட்டிலைத் தொடவே வேண்டாம். பூச்சு பரவுவதற்குள் காய்ந்துவிடும். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள், கான்கிரீட் கூரை நிழலில் முடிப்பதே நல்லது. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் மண் எழும்பாது. ஃபேன் காற்று உங்கள் மேல் படட்டும், பேனல் மேல் வேண்டாம். பாலாற்றுப் பக்கமிருந்து மணல் காற்று அடிக்கும் நாளில் திறந்த வெளியில் போடவே கூடாது. மெஷினில் மாட்டும் ஃபோம் பேடுக்கு அடியில் ஒரு மணல் சிக்கினால் போதும், எடுக்க வந்த கோட்டைவிடப் பெரிய கோடு விழும்.

அளவு: 5 இன்ச் ஃபோம் பேட், 15 எம்எம் வீச்சுள்ள டூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேடைச் சுற்றிக்கொண்டே அதிரவும் வைப்பது). பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மூக்கில் காய்ந்து ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருக்கைத் துடைத்துவிட்டுத்தான் சொட்டு விட வேண்டும். அந்தப் பொருக்கு பேடில் விழுந்தால் உப்புத்தாள்தான். புதுப் பேடில் முதல் முறை மட்டும் முகம் முழுக்க மெல்லிதாகத் தடவி ஊற வையுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டாணி அளவில் 3 அல்லது 4 சொட்டு. ஒரு கட்டம் 2 அடிக்கு 2 அடி, அதற்கு மேல் வேண்டாம். வேகம் 1-ல் பரப்பி, 4-க்கு ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாக 4 முறை மெதுவாக ஓட்டினால் போதும். பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டும் தட்டு) ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் பேட் சுற்றுகிறதா, வெறுமனே அதிர்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். அமுக்கினால் சுற்றல் நிற்கும், சூடு ஏறும், பவுடரும் கூடும். மெஷினை நிறுத்திய பிறகே பேடைத் தூக்க வேண்டும். ஓடும்போது தூக்கினால் கண்ணாடி வரை தெறிக்கும்.

பவுடர் வந்தால் இன்னும் இரண்டு சொட்டு சேர்ப்பது பலர் செய்யும் தவறு. அப்போது குறையாகத் தெரிவது பாலிஷ், உண்மையில் நிறைந்து போனது பேட். உரித்தெடுத்த பெயிண்டும் காய்ந்த பாலிஷும் ஃபோமின் கண்களை அடைத்துவிட்டால், புதிதாக விடும் சொட்டுக்கு உள்ளே இடம் இல்லை. மேலேயே நின்று காய்ந்து பறக்கும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேட் பிரஷ்ஷால் தேய்த்து, சுத்தமான துண்டில் ஒற்றி எடுங்கள். கம்ப்ரெஸர் இருந்தால் வண்டியை விட்டுத் தள்ளி நின்று காற்று அடிக்கலாம். டேங்கில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிட வேண்டும், இல்லையேல் பேடில் துருத் தண்ணீர் தெறிக்கும். இரண்டு பேனலுக்கு ஒரு பேட் என்று மாற்றுங்கள். ஒரு ஹேட்ச்பேக்குக்கு ஐந்து பேட் கையில் இருந்தால் நிம்மதி. பழைய அம்பாசிடர் போல கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் போடும் நிறமில்லாத பூச்சு) இல்லாத வண்டியில் பேட் பெயிண்டின் நிறத்திலேயே மாறும், பயப்பட வேண்டாம். மேலே வெளுத்த பெயிண்ட் கழன்று வருகிறது, அவ்வளவுதான். அங்கே பேடை இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

எவ்வளவு கவனித்தாலும் கொஞ்சம் பவுடர் இருக்கும். அது போய் உட்கார விடக்கூடாத இடங்களை முன்பே மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள்: முன் கண்ணாடி ரப்பர், வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக், கதவு விளிம்பு, பேட்ஜ் எழுத்துகள். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் பாலிஷ் காய்ந்தால் சுண்ணாம்புக் கறை மாதிரி நிற்கும். தப்பிப் போனால் சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்மையான பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுக்கலாம்.

துடைப்பதில்தான் பலர் செய்த வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். காய்ந்த பொடியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்பு வண்டியில் புதுக் கோடுகள் விழும். கட்டம் முடிந்த உடனேயே, பூச்சு ஈரமாக இருக்கும்போதே 350 ஜிஎஸ்எம் மைக்ரோஃபைபர் துண்டை நாலாக மடித்து, பாரம் கொடுக்காமல் எடுங்கள். துண்டின் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். இந்தப் பாலிஷ் விட்டுப் போகும் எண்ணெய்ப் படலம் சின்னக் கோடுகளை மறைத்துக் காட்டும். 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 200 மில்லியோடு ஆர்.ஓ. தண்ணீர் 800 மில்லி கலந்து தெளித்துத் துடைத்த பிறகு தெரிவதே உண்மையான பெயிண்ட். பாலிஷுக்கு மேல் பாதுகாப்புக் கோட்டிங் போடுவதாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. போர் தண்ணீரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், காய்ந்தால் உப்பு வட்டம் விழும்.

கடைசியில் வண்டியைக் கழுவும்போது கதவு, டிக்கி, பெட்ரோல் மூடி மூன்றையும் திறந்து உள்விளிம்பையும் கழுவுங்கள். மறைந்திருந்த பவுடர் அடுத்த மழையில் வெள்ளைக் கோடாக வழிந்து வருவது அங்கிருந்துதான்.