மாலை வாசிப்பு வகுப்புக்குச் சொல்முறையா, எழுத்தொலி முறையா?

ராமேசுவரம் பக்கத்து ஊரான மண்டபத்துக்கு மேற்கே ஒரு மீனவர் குடியிருப்பில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி ஆசிரியருக்கு அரசு தந்த கையேடு உண்டு. அவர் அதன்படி நடத்தியாக வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், எங்கிருந்து தொடங்குவது என்ற முடிவு என் தலையில் விழுந்தது. இரண்டு வழிகளையும் நடத்திப் பார்த்துவிட்டு எழுத்தொலி முறையில் நிலைத்திருக்கிறேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது அல்ல.

அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக ஒப்பிக்க வைப்பதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. 247 எழுத்தையும் பாட்டாகப் பாடிவிட்டு, ‘வலை’ என்று பலகையில் எழுதினால் விழிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

சொல்முறையில் முதலில் வருவது படமும் முழுச் சொல்லும். நண்டு, வலை, மீன், வள்ளம் என்று பிள்ளைக்குத் தெரிந்த பொருளைக் காட்டி, அதன் பெயரை ஒரே வடிவமாக மனத்தில் பதிய வைத்து, பிறகு எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது. வகுப்பு முதல் நாளே கலகலப்பாகிவிடும். கூச்சப்படும் பிள்ளைகூட நண்டைப் பார்த்தால் வாய் திறக்கும். சிக்கல் பிறகுதான் தலைகாட்டும். ‘வள்ளம்’ என்ற அட்டையைப் பார்த்து ஒருவன் ‘படகு’ என்று உரக்க வாசிப்பான். அவன் வாசித்தது படத்தை. படத்தை மறைத்துவிட்டால் வாயடைத்துப்போவான். அட்டைகள் உப்புக்காற்றில் ஈரம் கோத்து நொய்ந்துபோவது தனிக் கதை.

எழுத்தொலி முறையில் எழுத்தையும் ஒலியையும் நாம் தேர்ந்தெடுத்த வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போவோம். நான் ட, ப, ம மூன்றில் தொடங்குகிறேன். எழுத எளிய வடிவங்கள். புள்ளியையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் கைக்கு வந்துவிடும். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாமா, டப்பா. அடுத்து ன், ண் இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் பாம்பன், மண்டபம் என்று இரண்டு ரயில் நிலையங்களின் பெயரைப் பிள்ளை தானாகவே வாசிக்கும். இந்த வரிசையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்: கற்ற எழுத்துகளால் ஆன சொற்களை மட்டுமே வாசிக்கக் கொடுப்பது. கற்காத ஓர் எழுத்து நுழைந்தாலும் பிள்ளை ஊகத்துக்குத் தாவிவிடும்.

தமிழ் எழுத்தமைப்பும் இந்த முறைக்குத்தான் ஒத்துழைக்கிறது. 216 உயிர்மெய்களையும் தனித்தனியாகக் கற்க வேண்டியதில்லை. 18 மெய்களும் குறிகளும் பிடிபட்டால் பெரும்பாலானவை தாமாக வந்துவிடும். சொல்முறையில் அந்தக் குறிகளின் ஒழுங்கைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ‘கெ’யில் கண் முதலில் காண்பது கொம்பை, வாய் முதலில் சொல்வது ககரத்தை. ‘கொ’வில் ககரம் இரண்டு பக்கமும் அடைபட்டு நிற்கிறது. இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் சில பிள்ளைகளுக்குக் கடைசிவரை புரியாது. உகர ஊகார வரிசை இன்னும் மோசம்: கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தம் லை, னை போன்றவற்றின் பழைய வடிவங்களை நீக்கிச் சுமையைக் குறைத்தது. இந்த வரிசையில் கை வைக்கவில்லை.

ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே பேசுகின்றன. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் தந்த அறிக்கை, எழுத்தொலியை முறைப்படி கற்பிப்பதற்கு ஆதரவாக முடிந்தது. ஆனால் அது 26 எழுத்துள்ள ஆங்கிலத்தைப் பற்றியது. அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் நடத்திய ஆய்வுகள் நமக்கு நெருக்கமானவை. அட்சரங்கள் முழுதும் வசப்பட ஆரம்பப் பள்ளியின் பல வகுப்புகள் ஆகின்றன என்று அவை காட்டின. ஓராண்டில் முடித்துவிடலாம் என்று பெற்றோரிடம் யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கஃப், டன்மர் இருவரும் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழிப் புரிதலால் பெருக்கினால் வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எங்கள் பிள்ளைகளிடம் இரண்டாவது ஏராளமாக இருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றையும், நகரை, காரல், சீலா என்று மீனையும் பெயர் சொல்லிப் பிரிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது எழுத்து. எழுத்து கைவந்தால் அந்தச் சொற்கள் உதவிக்கு வரும். கணவாய், நகரை, சங்கு மூன்றிலும் ககரத்தின் ஒலி வெவ்வேறு. நான் அதை விளக்குவதே இல்லை. தெரிந்த சொல் என்பதால் வாய் தானாகத் திருத்திக்கொள்கிறது.

இத்தனைக்கும் மேலாக என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: விட்டுப்போன பாடத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்பது. வாடைக்காற்று மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும்போது சில நாட்டுப்படகுக் குடும்பங்கள் தென்கடல் (மன்னார் வளைகுடா) கரைக்குப் போய் வாடி என்னும் தற்காலிகக் குடிசை போட்டுத் தங்கும். கச்சான் என்னும் மேல்காற்று வீசத் தொடங்கினால் திசை மாறும். பிள்ளைகளும் கூடவே போவார்கள். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கோடை விடுமுறையும் அதோடு சேர்ந்துகொள்வதால் பலர் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. திரும்பி வரும் பிள்ளைக்கு எதிலிருந்து தொடங்குவது?

சொல்முறையில் இதற்குத் தெளிவான விடை இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனியாக மறந்துபோகும். ‘மீன்’ மறந்திருந்தால் ‘மீன்’ சொல்லிக்கொடுக்கலாம். வேறு எது போயிற்று என்பது அட்டைகள் அனைத்தையும் புரட்டினால்தான் தெரியும். எழுத்தொலி முறையில் பத்துச் சொல் எழுதிய ஒரு சீட்டுப் போதும். குறி இல்லாத சொல்லில் தொடங்கி, துணைக்கால், சுழி, கொம்பு, உகரம், ஊகாரம் என்று ஏறும் சீட்டு. ‘கூடை’யைக் ‘குடை’ என்று வாசித்தால் ஊகாரம் போயிருக்கிறது. சுவரில் தொங்கும் தாளில் பெயர்கள் கீழ்நோக்கியும் குறிகள் குறுக்காகவும் இருக்கின்றன. மறந்துபோன குறிக்கான கட்டத்தை அழித்துவிட்டு அங்கிருந்து தொடங்குகிறேன். எனக்குப் பதிலாக வேறொரு தன்னார்வலர் வந்தாலும் தாளைப் பார்த்து அன்று மாலையே தொடரலாம்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலின் ஏணிப்படியும், விடுப்பில் போன பிள்ளை விட்ட படியிலிருந்து ஏறுவதற்காகத்தான். 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்தே பிரிக்கிறது. வயதை விட்டுவிட்டு நிலையைப் பார்த்துக் கற்பிப்பது பலன் தருகிறது என்று இந்தியாவில் நடந்த கள ஆய்வுகளும் சொல்கின்றன.

சொல்முறையை முற்றாகக் கைவிடவில்லை. வகுப்பின் கடைசிப் பகுதியில் கதை வாசித்துக் காட்டுகிறேன்; புத்தகத் தமிழ் காதில் விழ வேறு வழியில்லை. பிள்ளைகள் இடம்பெயராத, ஆசிரியர் மாறாத வகுப்பில் சொல்முறை நன்றாகவே ஓடக்கூடும். தொண்டிப் பக்கம் ஒரு தோழி அப்படித்தான் நடத்துகிறாள், குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு மேல், நீண்ட பத்தியை வாசித்துப் பொருள் சொல்லும் கட்டத்தில் எந்த முறைப் பிள்ளை முந்துவான் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் என் வகுப்பில் இல்லாததால், சொல்வளம் பற்றி மேலே சொன்னது அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

எழுத்தொலி முறையில் தொடங்குகிறவர்கள் சீட்டை முதலில் தயாரித்துவிடுங்கள், பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் சீட்டில் தனித்தனிச் சொல் இருக்கட்டும்; பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான்.