ஹேக் புளூவா, ரெயிலிங்ஸா?

தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டும். இந்த முறை ஹாலில் ஒரு சுவராவது அடர்நிறமாக இருக்கட்டும் என்று தேடியதில் மிஞ்சியவை இரண்டு. இரண்டுமே இங்கிலாந்தின் ஃபாரோ அண்ட் பால் சாய நிறுவனத்தின் நிறங்கள்: 30ஆம் எண் ஹேக் புளூ, 31ஆம் எண் ரெயிலிங்ஸ்.

ஹேக் புளூ கருநீலம்தான், ஆனால் உள்ளே பச்சை ஒளிந்திருக்கிறது. எங்கள் பினாங்கின் லீத் தெரு நீல மாளிகையின் அவுரி நீலத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது வெயிலில் கண்ணைப் பறிக்கும். இது நிழலில் நிற்கும் மயிலின் கழுத்து. ரெயிலிங்ஸ் பார்த்தவுடன் கருப்பு, கொஞ்ச நேரம் பார்த்தால் நீலம்.

வடக்கு பார்த்த அறைக்கு வெளிச்சம் மங்கல் என்று இங்கிலாந்தில் போடும் கணக்கு பினாங்கில் எடுபடாது. நிலநடுக்கோட்டிலிருந்து நாம் சுமார் 5 பாகைதான். சில மாதம் வடக்குச் சுவரிலும் வெயில் அடிக்கும். எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டு ஹாலை இருட்டாக்குவது திசை இல்லை, கார் நிறுத்தும் முன்கூரை. பகலிலேயே விளக்கு எரியும். அதனால் இரண்டையும் பெரிய அட்டைகளில் பூசி, சுவரில் சாய்த்து வைத்து விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் ரெயிலிங்ஸின் நீலம் எட்டிப் பார்த்தது. 3000 கெல்வின் மஞ்சள் பல்பைப் போட்டதும் வெறும் கரி. ஹேக் புளூ அதே மஞ்சளில் பச்சை ஏறி இன்னும் அழகானது.

"சாமி மேடை இருக்குற ஹாலுக்குக் கருப்பாடா?" என்று அம்மா வேறு கேட்டுவிட்டார்.

பராமரிப்பில் இரண்டும் ஒரே தொல்லைதான். விளக்குப் புகை தெரியாது, சரி. ஆனால் விபூதிக் கை பட்டால் ஐந்து விரலும் அப்படியே பதியும். பளபளப்பே இல்லாத மேட் சாயமாக இருந்தால், அழுத்தித் துடைத்த இடம் மட்டும் பளபளக்கும். லேசாக மினுங்கும் வகையே நல்லது. வெள்ளைச் சுவர் மேல் நேராக அடிக்காமல் முதலில் அடர்நிற அண்டர்கோட் (அடிப்பூச்சு) கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோட் மேல் கோட்தான். மழைநீர் கசியும் சுவருக்கோ இரண்டுமே வேண்டாம்: ஈரத்தோடு வரும் உப்பு வெள்ளையாகப் பூத்து ஊருக்கே தெரியும்.

எங்கள் சுவருக்கு ஹேக் புளூ. ரெயிலிங்ஸையும் விட மனமில்லை. இரும்புக் கம்பி வேலியிலிருந்து வந்த பெயராயிற்றே, ஜன்னல் கிரில்லுக்கு அடிக்கலாம் என்று இருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.