போக்கர் மேசைக்கு எதை வாங்கலாம்: கூலிங் கிளாஸா, சிப்ஸ் பெட்டியா?

ஆன்லைனில் அல்லாமல் மேசையில் நேருக்கு நேர் ஆடும் போக்கர் சீட்டாட்டத்தில் பதற்றம் வெளியே தெரியாமலிருக்க எல்லோரும் முதலில் வாங்குவது கூலிங் கிளாஸ். 2004-ல் போக்கர் உலகத் தொடரின் மெயின் ஈவென்ட்டை வென்ற கிரெக் ரேமர், பல்லிக் கண் ஹோலோகிராம் பதித்த கண்ணாடியோடு ஆடியதிலிருந்து அதன் மேல் மோகம் கூடியது. ஆனால் காட்டிக்கொடுப்பது கண்களைவிடக் கைகள்தான். 2013-ல் சைக்கலாஜிகல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வில், தொழில்முறை ஆட்டக்காரர்களின் முகத்தை மட்டும் பார்த்தவர்களால் சீட்டின் பலத்தைக் கணிக்க முடியவில்லை. பெட் (பந்தயம்) கட்டும் கைகளை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகக் கணித்தார்கள்.

கறுப்புக் கண்ணாடியால் வேறு தொல்லையும் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் சிவப்புச் சீட்டுகளான ஹார்ட்டும் டைமண்டும் குழம்பும். கண்ணாடிப் பூச்சு உள்ள லென்ஸ் என்றால், சீட்டின் ஓரத்தைத் தூக்கும்போது அதன் பிம்பம் எதிராளிக்கே தெரியலாம்.

அந்தப் பணத்தில், வீட்டில் கைகளைப் பழக்க, 39 மில்லிமீட்டர் விட்டமும் 10 கிராம் எடையும் உள்ள செராமிக் சிப்ஸ் (பணத்துக்குப் பதில் பந்தயம் வைக்கும் வில்லைகள்) வாங்குங்கள். மலிவான பெட்டிகளில் வரும் 11.5 அல்லது 13.5 கிராம் சிப்ஸ் பிளாஸ்டிக்குக்குள் உலோகத் தகடு வைத்தவை. அவற்றில் பழகிய விரல்களுக்கு கேசினோவின் இலேசான சிப்ஸ் பிடிபடாது.

இருபது இருபதாக அடுக்குங்கள். தொகையை மனதில் முடிவு செய்த பிறகே சிப்ஸைத் தொடுங்கள். எண்ணிப் பிரித்து, முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, மூச்சை மெதுவாக விட்டபடி ஒரே தள்ளு. கை எப்போதும் ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும். நல்ல சீட்டு, ப்ளஃப் (மோசமான சீட்டை வைத்துக்கொண்டு நல்லது போல் பெட் கட்டுவது) இரண்டுக்கும் ஒரே வேகம். தினம் பத்து நிமிடம் போதும். விரல் நடுக்கம் பெரும்பாலும் அட்ரினலின் வேலை. பெரிய சீட்டு வந்தபோதுதான் அது அதிகம். ப்ளஃபில் பலருக்கு மூச்சே நின்றுவிடும். மூச்சை விட்டபடி தள்ளச் சொல்வது இரண்டுக்காகவும்தான்.

ஒரே தள்ளில் பழகுவதற்கு விதியும் ஒரு காரணம். ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துகிறேன்) என்று சொல்லாமல், எதிராளியின் பெட்டுக்கு ஈடான தொகையை மட்டும் வைத்துவிட்டு மறுபடி சிப்ஸ் எடுக்கப் போனால், இரண்டாவது தொகை செல்லாது. எதிராளியின் பெட்டுக்கு வாய் திறக்காமல் ஒற்றைப் பெரிய சிப் போட்டாலும், அதற்கு ஈடுகட்டியதாகத்தான் கணக்கு, ரெய்ஸ் ஆகாது. பதற்றத்தில் குரல் கம்முகிறவர்கள் இவ்விரண்டிலும் மாட்டுவார்கள்.

கழுத்து நாடி துடிப்பது தெரிகிறவர்களுக்கு உயரக் காலர் சட்டையோ மெல்லிய ஸ்கார்ஃபோ உண்மையிலேயே உதவும். ஹூடியின் தொப்பி தேவையில்லை.

சீட்டின் மேல் வைக்கும் அலங்கார எடைக்கும் செலவழிக்க வேண்டாம், ஒரு ஐந்து ரூபாய் நாணயம் போதும். டீலர் தவறுதலாக உங்கள் சீட்டை வாரிவிடாமல் அது காக்கும். சீட்டைப் பார்த்ததும் வைத்துவிட்டு, அந்த ஆட்டம் முடியும்வரை தொடாதீர்கள். நாணயத்தை உருட்டும் விரல்களையும் எதிராளி கவனிப்பார்.