443 இருக்க வேண்டிய இடம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சேர்பொருள் பட்டியலில் ஈ442-ஐ அடுத்து ஈ444 வரும். நடுவில் விடுபட்ட எண் அச்சுப்பிழை அல்ல. சர்வதேச எண் வரிசையில் 443 என்பது புரோமின் ஏற்றிய தாவர எண்ணெய். ஐரோப்பா அதைச் சேர்க்கவில்லை. அமெரிக்காவோ 2024 வரை அதைக் குளிர்பானத்தில் அனுமதித்தது.

அதன் வேலை எளிமையானது. ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை எண்ணெய்கள் தண்ணீரைவிட லேசானவை, அடர்த்தி சுமார் 0.85தான். எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் எமல்சிஃபையர் அவற்றைப் பொடித் துளிகளாக்கிவிடும். ஆனால் துளிகள் மெல்ல மேலே ஏறி, பாட்டிலின் கழுத்தில் ஒரு வளையமாகப் படியும். புரோமின் ஏற்றிய எண்ணெயின் அடர்த்தி 1.3-ஐத் தொடும். அளவாகக் கலந்தால் துளி மிதக்காது, மூழ்காது. (கறாராகச் சொன்னால் இது எமல்சிஃபையரே இல்லை, அதற்குத் துணை நிற்கும் எடைக்கல்.) சிக்கல் என்னவென்றால், புரோமின் உடம்பின் கொழுப்பிலும் தங்குகிறது. தினமும் 2 முதல் 4 லிட்டர் கோலா குடித்த ஒருவருக்குப் புரோமின் நஞ்சேறியதாக 1997-ல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. குடித்த அளவு அசாதாரணம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பிரிட்டன் 1970-ல் தடை செய்தது, இந்தியா 1990-ல், ஜப்பான் 2010-ல். ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி வேறு: பட்டியலில் இருந்தால்தான் சேர்க்கலாம். இல்லாத பொருளுக்குத் தனியாகத் தடை ஆணை எதற்கு?

அமெரிக்காவின் கதைதான் நீளம். 1958-ல் 'பொதுவாகப் பாதுகாப்பானது' என்ற வரிசையில் இது இருந்தது. 1970-ல் அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதிலிருந்து நீக்கியது. சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கூடுதல் ஆய்வு வரும்வரை, பழ வாசனை பானங்களில் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) வரை போடலாம் என்று இடைக்கால விதி எழுதினார்கள். அந்த இடைக்காலம் அரை நூற்றாண்டு அளவுக்கு ஓடியது! 15 என்ற எண்ணைவிட 'இடைக்கால' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. கேள்வி தீராத பொருளை, பதில் வரும்வரை அலமாரியில் வைப்பதா எடுப்பதா என்பதில்தான் மற்ற நாடுகளும் அமெரிக்காவும் பிரிந்தன. எலிகளின் தைராய்டில் மாற்றம் தெரிந்த ஆய்வுகளுக்குப் பிறகு 2023 நவம்பரில் தடைக்கான முன்மொழிவு வந்தது. 2024 ஜூலையில் இறுதி ஆணை, ஆகஸ்ட் 2 முதல் அமல். சரக்கை மாற்றிக்கொள்ள நிறுவனங்களுக்கு இன்னும் ஓர் ஆண்டு.

ஒன்றை மட்டும் அமெரிக்காவுக்குச் சாதகமாகச் சொல்லலாம்: லேபிளில் பொருளின் பெயரை முழுதாகப் போட்டாக வேண்டும். படித்தவர்கள் கேள்வி கேட்டார்கள். 2013-ல் கேட்டரேட் என்ற விளையாட்டு பானத்திலிருந்து அதை எடுப்பதாக பெப்சிகோ அறிவித்தது, அடுத்த ஆண்டு கோக கோலாவும் தன் பானங்களிலிருந்து நீக்குவதாகச் சொன்னது. எஃப்டிஏ அசைவதற்குப் பத்து ஆண்டு முன்பே.

மாற்றுப் பொருள் இல்லாமலும் இல்லை. விடுபட்ட எண்ணுக்கு அடுத்த இரண்டு இடங்களில்தான் அவை இருக்கின்றன: சர்க்கரையிலிருந்து செய்யும் சுக்ரோஸ் அசிட்டேட் ஐசோபியூட்டிரேட் 444, பைன் மரப் பிசினிலிருந்து வரும் எஸ்டர் கம் 445. பானத்தில் முன்னதற்கு உச்சவரம்பு 300 பிபிஎம், பின்னதற்கு 100. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு உச்சவரம்புகளும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடைமுறையில் ஒன்றேதான். அளவு குறிப்பதில் அவர்களுக்குள் பெரிய சண்டை இல்லை.

அப்புறம் கலிஃபோர்னியா. மத்திய அரசுக்குக் காத்திராமல் 2023 அக்டோபரில் அந்த மாநிலம் தனிச் சட்டம் போட்டது, 2027 ஜனவரி 1 முதல் தடை என்று. ஆனால் எஃப்டிஏ கொடுத்த கெடு 2025 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது.