டி.எச். ரோடு ஷூ தைக்கிற அண்ணா: பத்து வருஷ கஸ்டமர் எழுதுறேன்

போர்டு கிடையாது. தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டோரம், டீக்கடைக்கும் பழைய பேப்பர் கடைக்கும் நடுவுல ஒரு நீலத் தார்ப்பாய், அதுக்குக் கீழ மரப்பெட்டி, இரும்புக் கட்டை. பேர் எனக்கே தெரியாது, 'ணா'ன்னா நிமிர்ந்து பார்ப்பார். பாஸ்கெட்பால் ஆடுற பசங்களுக்கு இந்த ஏரியாவுல இவர விட்டா ஆள் இல்ல.

முதல்ல போனது 2015ல, எட்டாங்கிளாஸ் படிக்கிறப்போ. அந்த வருஷம்தான் பஞ்சாப் சத்னாம் சிங்க, அமெரிக்காவோட என்பிஏ பாஸ்கெட்பால் லீக்ல இருக்குற டல்லாஸ் மாவரிக்ஸ் டீம், புது ஆளுங்கள எடுக்குற டிராஃப்ட்ல 52வது ஆளா எடுத்தாங்க. பி.டி. சார் பேப்பர் கட்டிங்க நோட்டீஸ் போர்டுல ஒட்டி எங்களை எல்லாம் வரிசையா நிக்கவெச்சுக் காட்டினார். (கடைசிவரைக்கும் என்பிஏ மேட்ச் ஒண்ணுலகூட அவர் இறங்கல, அது வேற கதை.) எனக்கு அன்னிக்கு என் ஷூ கவலை. பெரியமேட்டுல அப்பா 900 ரூபாய்க்கு வாங்கித் தந்தது, மூணே மாசத்துல வாயைப் பொளந்துடுச்சு. எங்க கோர்ட் சிமெண்ட். வெயில்ல பசை இளகும், தரை அரம் மாதிரி சோல ராவும்.

அண்ணா ஷூவைத் திருப்பிப் பார்த்துட்டு, "இன்னா பாப்பா, இடது காலையே ஊனிக்கினு சுத்துறியா?"ன்னார். ஒரு கால ஊனித் திரும்புறதுக்கு நாங்க சொல்ற பிவட்டுங்குற வார்த்தையே அவருக்குத் தெரியாது. இடது சோல்ல கட்டைவிரலுக்குக் கீழ மட்டும் வட்டமா தேஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். எனக்கு வலது காலை ஊனித் திரும்பவே வராதுன்னு கோச் கண்டுபிடிச்சது அடுத்த வருஷம்.

வேலைய அவசரப்படுத்தவே முடியாது. பழைய பசைய சுரண்டி எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, தொட்டா விரல்ல ஒட்டாத வரைக்கும் காய விடுவார். நடுவுல நாம ஒட்டிப் பார்த்தோம்னா திட்டுதான். அப்புறம் சுத்தியல். அதுக்கு மேல மெழுகு தடவின நைலான் நூல்ல சுத்திவரத் தையல். சோல் அடியில கத்தியால சின்ன வாய்க்கா கீறி நூல அதுக்குள்ள இறக்குறார் பாருங்க, அங்கதான் மத்தவங்க தப்பு பண்றாங்க. நூல் வெளிய தெரிஞ்சா சிமெண்ட்ல ஒரே வாரத்துல அறுந்துடும்.

நம்ம ஊர்ல ஆட்டத்தையே பொழப்பா வெச்சுக்கணும்னா முதல்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலைதான். ஐஎன்பிஎல்லுன்னு நம்ம நாட்டு பாஸ்கெட்பால் லீக், அதுல சென்னை ஹீட்டுன்னு டீம் எல்லாம் வந்துச்சு, சரி. வீட்டுல கேக்குறது என்னவோ "ரயில்வேயா, பேங்கா, இன்கம்டாக்ஸா?"தான். அதுலயும் தப்பு சொல்ல முடியாது. தெற்கு ரயில்வேல இருந்துதான் அனிதா பால்துரை இந்தியா டீமுக்கே கேப்டன் ஆனாங்க, 2021ல பத்மஸ்ரீயும் வந்துச்சு. ஆஸ்திரேலியா கிளப்புல ஆடின கீது அன்னா ஜோஸும் அதே ரயில்வேதான். அந்த வேலைக்குப் போறதுக்குள்ள ஸ்கூல் டீம், டிஸ்ட்ரிக்ட், ஸ்டேட், காலேஜ்ல கோட்டா சீட், அப்புறம் ட்ரையல். எனக்கு மூணாவது ட்ரையல்லதான் கிடைச்சுது. அதுவரைக்கும் நான் போட்ட ஷூ மொத்தம் அஞ்சு ஜோடி, அஞ்சுலயும் அவர் கை பட்டிருக்கு.

முதல் ட்ரையலுக்கு முந்தின ராத்திரி ஒம்பது மணிக்கு வலது சோல் பாதி கழண்டுச்சு. கடைய மூடிட்டிருந்தவர் ஒண்ணும் பேசாம திரும்ப உக்கார்ந்து, டீக்கடை டியூப்லைட் வெளிச்சத்துலயே தெச்சுக் குடுத்தார். மறுநாள் மரத்தரையில சோல் அசையல. நான்தான் பத்து ஃப்ரீ த்ரோல நாலு மிஸ் பண்ணேன். அதுக்கு அவர் பொறுப்பில்ல.

குறையும் இருக்கு. 'நாளைக்கு'ன்னா நாளன்னிக்கு. வெள்ளை ஷூவுக்குக் கறுப்பு நூல் போட்டுட்டு "ஆடுறப்ப யாரு பாக்கப் போறா?"ம்பார். ஐப்பசி, கார்த்திகையில சொல்யூஷன் சரியா காயாது, அப்போ பேஸ்டிங், அதாவது பசை ஒட்டுறது, மட்டும் வேணாம், தையலும் சேர்த்தே போடச் சொல்லுங்க. காத்துப்பை வெச்ச ஷூவ அடியோட தைக்கக் கொடுக்காதீங்க, ஊசி இறங்குனா பை போச்சு. உள்ள மெத்தை செத்துப்போன ஷூவ அவரே தொட மாட்டார், "முட்டி போயிரும், புதுசு வாங்கு"ன்னு திருப்பி அனுப்புவார். போன வருஷம் ஒரு ஜோடிய அப்படித்தான் அனுப்பினார். எனக்குக் கோவம்தான், அது 4,200 ரூபாய் ஷூ.

ரேட் இப்போ பேஸ்டிங் 120, சுத்துத் தையல் 250. ஸ்கூல் யூனிஃபார்ம்ல போனா பாதிதான் வாங்குவார், நான் காலேஜ் சேர்ந்த அன்னிக்கே முழு ரேட் சொல்லிட்டார். வேலை கிடைச்சு டிபார்ட்மென்ட்ல டீமுக்குன்னு புது ஷூ கொடுத்ததும் ஒரு நாள்கூட போடாம அவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். "புதுசுக்கு எதுக்குத் தையலு?"ன்னு முறைச்சுட்டு, எந்தக் காலுன்னு கேக்காமலே இடது ஷூவ முதல்ல எடுத்தார்.

ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல போகாதீங்க. பின்தெருவுல கேரம் போர்டு முன்னாடி இருப்பார், கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.